ரிகம்பென்ட் ட்ரைக் வாங்கிச் சேலத்தில் ஓட்டினால் ரிப்பேருக்கு என்ன செய்வது? நாமே எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்?

கேள்வியின் சுருக்கம்: முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்று, சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் ட்ரைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறார். உள்ளூரில் இதைப் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை என்கிறார்கள். ஏற்காடு ஏறி இறங்கவும் ஆசை.

தாராளமாக வாங்கலாம். இந்த வண்டியில் முக்கால்வாசி சாமான் சாதாரண கியர் சைக்கிளில் இருப்பதுதான். ரிம் கோட்டம் எடுப்பது, ஸ்போக் மாற்றுவது, பெடல் பேரிங், கேசட் (பின் கியர் பல்சக்கர அடுக்கு) கழற்றுவது எல்லாம் கியர் சைக்கிள் பார்க்கும் எந்தக் கடையிலும் நடக்கும். கடைக்காரர் திணறுவது நாலே இடத்தில்: முன் சக்கர அலைன்மென்ட், மூன்று மடங்கு நீளச் செயின், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் முன் பிரேக், எங்கேயும் கிடைக்காத நீளத்தில் பின் கியர் கேபிள். இந்த நாலை மட்டும் நீங்கள் கற்றுக்கொண்டால் போதும்.

வண்டி பார்க்கப் போகும்போதே முன் டயர் இரண்டையும் உள்ளங்கையால் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பும் எதிர்த் திசையில் சொரசொரப்பும் தெரிந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. டயர் நேராக உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டே வந்திருக்கிறது என்று அர்த்தம். சில நூறு கிலோமீட்டரிலேயே புது டயரைத் தின்றுவிடும். மிதிக்கவும் கனக்கும்.

அளப்பதற்கு ஒரு சாக்பீஸும் டேப்பும் போதும். காற்று சரியாக அடித்து, ஹேண்டிலை நேராக வைத்து, இரண்டு முன் டயரிலும் முன்பக்கம் அச்சு உயரத்தில் நட்டநடுவில் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டு வண்டியை அரைச் சுற்று முன்னால் உருட்டினால், அதே கோடுகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்து நிற்கும். மறுபடி அளங்கள். அதே கோட்டை இரண்டு தடவையும் அளப்பதால் ரிம்மில் கோட்டம் இருந்தாலும் கணக்கு தப்பாது. முன் அளவு பின் அளவைவிட 0 முதல் 2 மி.மீ. வரை குறைவாக இருக்கலாம். முன்பக்கம் அதிகமாக இருந்தால் மட்டும் விடக்கூடாது, வேகத்தில் வண்டி அலைபாயும். அளக்கும்போது சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். சில பிரேம்கள் எடை ஏறியதும் லேசாக விரிந்துகொடுக்கும்.

சரிசெய்வது டை ராடில், அதாவது முன் சக்கரங்களைத் திருப்பும் இணைப்புக் கம்பியில். அதன் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. இரண்டு லாக் நட்டையும் தளர்த்தி ராடைத் திருகினால் நீளம் மாறும். இடது மரைப் பக்கத்து நட்டை வழக்கமான திசையில் தளர்த்துவதாக நினைத்து இறுக்கி, மரையையே உரித்துவிடுகிறவர்கள் உண்டு. திருகுவதில் அவசரம் கூடாது. எம்6 மரைக்கு ஒரு சுற்றில் ஒரு மி.மீ., இரண்டு முனையும் சேர்ந்து 2 மி.மீ. டை ராட் பிடித்துத் திருப்பும் ஸ்டியரிங் கை 60 மி.மீ. நீளம் என்றால், டயர் விளிம்பில் முன் பின் வித்தியாசமாக அது 16 மி.மீ. ஆகிவிடும். அதனால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, வண்டியை நாலடி உருட்டி, மறுபடி அளங்கள். இரண்டு டை ராட் உள்ள வண்டியில் இரண்டையும் சமமாகத் திருகாவிட்டால் ஹேண்டில் கோணலாக நிற்கும். கடைசியில் ராட் முனைப் பந்துகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் எந்த அலைன்மென்டும் நிற்காது, முதலில் அதை மாற்ற வேண்டும்.

அடுத்து செயின். சாதாரணச் செயின் மூன்றை இணைத்தால்தான் இதற்கு எட்டும், ஏறக்குறைய நாலேகால் மீட்டர். அத்தனை நீளம் இருப்பதால் ஒவ்வொரு கண்ணியும் பல்சக்கரத்தில் ஏறுவது குறைவு, அந்த அளவு தேய்மானமும் தாமதம். ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள்: 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். 1/8 கூடியிருந்தால் கேசட்டும் சேர்ந்து போயிருக்கும். மாற்றினால் முழுசாக மாற்றுங்கள். புதுசும் பழசும் கலந்த செயின் பல்லில் தாவும்.

செயின் ஓடும் பிளாஸ்டிக் குழாய்க்குள் எண்ணெய் விடாதீர்கள். சேலத்துத் தூசி அதற்குள் போய் அரைத்த மாவாகிவிடும். வெளியே தெரியும் பகுதியில் செயின் கண்ணியின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் பொறுத்து, துணியால் மேலே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். பைக் இன்ஜின் ஆயில் மண்ணைப் பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெய் சீக்கிரம் வற்றிவிடும். இரண்டும் வேண்டாம், செயினுக்கென்று விற்பதையே வாங்குங்கள். சீட்டுக்கு அடியில் செயினைத் திருப்பிவிடும் உருளையில் கரகர சத்தம் வந்தால் பெரும்பாலும் பேரிங்தான். அதன் பக்கத் தட்டில் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டினால் பேரிங் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள்.

வழியில் செயின் அறுந்தால் முதல் வேலை, முனையைப் பிடித்து இழுக்காமல் இருப்பது. குழாயை விட்டு வெளியே வந்துவிட்டால் மறுபடி கோப்பதற்குள் பொழுது போய்விடும். செயின் பிரேக்கரால் சேதமான கண்ணியை மட்டும் எடுத்துவிட்டு, கையாலேயே பூட்டும் இணைப்புக் கண்ணியான குயிக் லிங்க் போடுங்கள். 9 ஸ்பீடுக்கும் 10 ஸ்பீடுக்கும் லிங்க் வேறு வேறு, உங்கள் செயினுக்குரியது இரண்டு கையில் இருக்கட்டும். செயின் உருவிக்கொண்டே வந்துவிட்டதா? பழைய கேபிள் கம்பியைக் குழாய்க்குள் விட்டு மறுமுனையில் செயினைக் கட்டி இழுங்கள், வந்துவிடும். எது உருளைக்கு மேலே, எது கீழே என்று இன்றைக்கே போனில் நாலு போட்டோ எடுத்து வையுங்கள்.

பஞ்சர். இரண்டு சக்கர சைக்கிளில் முன் சக்கரம் போன தடத்திலேயே பின்னதும் போகும். இங்கே மூன்று தடம், ஆகவே சீமைக் கருவேல முள்ளுக்கு மூன்று வாய்ப்பு. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் போனால் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பிகள் வேறு. கம்பி கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டால் கிழிக்கும். பஞ்சைச் சுருட்டி டயரின் உட்பக்கம் ஒரு சுற்று ஓட்டுங்கள், நார் எங்கே மாட்டுகிறதோ அங்கே இருக்கிறது. சின்ன மூக்குக் குறடால் பிடுங்கிவிட்டுத்தான் புது டியூப் போட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் அடுத்த கிலோமீட்டரில் போகும்.

ஒரு வசதி, முன் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அச்சு ஒரு பக்கம்தான் பிடித்திருக்கிறது, டயரும் டியூபும் வெளிப்பக்கமாக வந்துவிடும். பை, கண்ணாடி, கொடிக்கம்பை எடுத்துவிட்டு, பஞ்சரான பக்கம் மேலே வரும்படி வண்டியைச் சாய்த்துப் படுக்க வைத்துப் பாருங்கள். 20 அங்குல ரிம்மில் டயர் விளிம்பு இறுக்கமாக இருக்கும். எதிர்ப் பக்கத்து விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளிவிட்டால் கையாலேயே ஏறும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் டியூபுக்கு இரண்டாவது ஓட்டை நிச்சயம்.

டியூபுக்குக் கவலையில்லை, குழந்தைகள் ஓட்டும் 20 அங்குல சைக்கிளின் 1.75 அல்லது 2.125 டியூப் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். ஆனால் டயரின் பக்கவாட்டில் 406 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். 451 என்றால் அதுவும் 20 அங்குலம்தான், டயர் மாற்றிப் போட முடியாது. அடுத்த சிக்கல் வால்வு. நம் கடை டியூபில் பெரும்பாலும் வால்டியூப் ரப்பர் போட்ட பழைய வால்வு. அது கார் வால்வுக்கான 8.5 மி.மீ. ஓட்டையில் நுழையும், மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான 6.5 மி.மீ. ஓட்டையில் நுழையாது. உங்கள் ரிம் எது என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். பிரெஸ்டா என்றால் கடைப் பம்பில் காற்றடிக்கச் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று சாவிக்கொத்தில் தொங்கட்டும். பஞ்சர் கடை கம்ப்ரெஸரில் அடிப்பதானால் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள், இந்தச் சின்ன டியூபுக்கு லாரிக் காற்று ஆகாது.

இனி பிரேக். ஏற்காடு என்று சொன்னதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வண்டி கெடாது, கால்தான் வலிக்கும். கெடுவது இறங்கும்போது. ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்த்து 105 கிலோ என்று வைத்து, ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி பத்து லட்சம் ஜூல். மூன்று லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் இரண்டு டிஸ்க்குக்கோ இரண்டு டிரம்முக்கோ போகிறது. பின் பிரேக் பெரும்பாலான வண்டியில் நிறுத்தி வைக்க மட்டுமே. அதை நம்பி இறங்கினால் பின் சக்கரம் வழுக்கி வண்டி திரும்பும்.

ஆகவே லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். நேர்ப்பாதையில் விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு லீவரையும் சமமாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுசாக விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். டிரம் பிரேக் என்றால் நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, இரும்பு கோணும்.

கேபிளில் இயங்கும் டிஸ்க்கில் பிரேக் கட்டை தேய்ந்தால் கேபிளை இழுத்துக் கட்டுவது தப்பான வைத்தியம். கேபிள் இழுக்கும் பிரேக்கின் நெம்புகை பாதி தூரம் போன நிலையிலிருந்தே தொடங்குவதால் முழு அழுத்தம் கிடைக்காது. ஏவிட் பிபி7 போன்றவற்றில் இரண்டு பக்கமும் சிவப்புக் குமிழ் இருக்கும். கட்டை டிஸ்க்கைத் தொடும்வரை திருகி, உரசல் நிற்கும்வரை ஒன்றிரண்டு கிளிக் பின்னால் எடுங்கள். பின்தகட்டோடு சேர்த்துக் கட்டை 3 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும், மலைக்குக் கிளம்பும் முன்பு, திரும்பி வந்த பிறகு அல்ல. டிஸ்க்கைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால் நல்லது. சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும், படலம் படிந்து பிரேக் பிடிக்காது.

வழியில் நிறுத்தும் இடமும் முக்கியம். வளைவின் உட்பக்கம் நிறுத்தாதீர்கள். பஸ்ஸின் பின் சக்கரம் அங்கேதான் உள்வாங்கி வரும், இந்த உயரத்தில் நீங்கள் டிரைவர் கண்ணுக்குத் தெரியவும் மாட்டீர்கள். வளைவு தாண்டி நேரான இடத்தில் ஒதுங்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, கொடியை ரோட்டுப் பக்கம் நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கழற்றிய நட்டும் லிங்கும் சட்டைப் பையில் போகட்டும். திறந்து வைத்த டூல் பையைக் குரங்கு தின்பண்டம் என்றே நினைத்துத் தூக்கும்.

பின் கியர் கேபிளைப் பற்றி: கடையில் கிடைக்கும் 2 மீட்டர் கம்பி பல ட்ரைக்குக்கு எட்டாது. உங்களுடையதை அளந்து, இருவர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளுக்கான 3 மீட்டர் கேபிள் இரண்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அறுந்துபோனால் செயின் மிகச் சின்னப் பல்சக்கரத்துக்குப் போய்விடும், அதில் மலை ஏற முடியாது. டீரெய்லர் (பின் கியரை மாற்றும் பாகம்) பக்கம் மிஞ்சிய கம்பித் துண்டை இழுத்து, செயின் தேவையான பெரிய பல்சக்கரத்துக்கு வந்ததும் பிரேமில் இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரே கியரில் வீடு வந்து சேரலாம். டீரெய்லரில் எச் என்று குறித்த எல்லைத் திருகை நம்ப வேண்டாம், அது செயினை இரண்டு மூன்று பல்சக்கர தூரம்தான் நகர்த்தும்.

பெடலைத் தாங்கி முன்னால் நீளும் குழாயான பூமை உங்கள் கால் நீளத்துக்கு மாற்றினால் செயினும் மாற வேண்டும்: பூம் ஓர் அங்குலம் வெளியே போனால் செயின் இரண்டு அங்குலம் கூடத் தேவை. மாற்றிய பிறகு பூம் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று எதிரே நின்று பாருங்கள். குதிகால் பட்டையும், ஷூவைப் பெடலில் பூட்டும் கிளீட்டின் போல்ட்டும் அலட்சியமாக விடக் கூடாத சாமான். ஓடும்போது கால் பெடலை விட்டு நழுவித் தரையில் பட்டால் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் இழுபட்டுக் கணுக்கால் முறியும்.

பையில் வேண்டியது: 2 முதல் 8 மி.மீ. வரை ஆலன் கீ, டி25 நட்சத்திரக் கீ, 8, 10 ஸ்பேனர், செயின் பிரேக்கர், லிங்க் இரண்டு, டியூப் இரண்டு, பின் சக்கரம் வேறு அளவென்றால் அதற்கு ஒன்று, பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு, கேபிள், டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு ஒன்று.

பிரேம் விரிசல் விட்டால் மட்டும் வழியோர வெல்டிங் பட்டறைக்குப் போகாதீர்கள். அலுமினியம் என்றால் அவர் வைக்கும் தையல் அடுத்த வேகத்தடையில் விட்டுவிடும். ஒரு குட்டியானை பிடியுங்கள். 80, 85 சென்டிமீட்டர் அகலம்தான், தாராளமாக ஏறும். கயிறு குறுக்குச் சட்டத்தில் மட்டும் போகட்டும். செயின் குழாய் மேலோ டை ராட் மேலோ போட்டுக் கட்டினால் இறங்கும்போது அலைன்மென்ட் வேலை மறுபடி முதலிலிருந்து.