நின்றிருந்த காரின் கதவில் மோதிய சைக்கிள்: இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: கடந்த மாதம் வேலைக்குச் சைக்கிளில் சென்றபோது, சாலையோரம் நின்றிருந்த காரின் ஓட்டுநர் பின்னால் பாராமல் கதவைத் திறந்துவிட்டார். அதில் மோதி விழுந்து என் காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோள் வரை செல்லும் எலும்பு) முறிந்தது. மின்பணியாளரான எனக்கு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க இயலவில்லை. வண்டி ஓடவில்லை என்பதால் இது வாகன விபத்தே ஆகாது என்கிறார்கள் காவல் நிலையத்தில். நான் தலைக்கவசம் அணியாததைக் குறை சொல்லும் கார் உரிமையாளர், மருத்துவச் செலவை மட்டும் தருவதாகக் கூறி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: வண்டி நின்றிருந்தது என்ற காரணத்தால் உங்கள் உரிமை போய்விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 165-வது பிரிவு, வாகனத்தின் 'பயன்பாட்டால்' விளைந்த விபத்து என்றுதான் பேசுகிறதே தவிர, வாகனம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சாலையில் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் லாரி சில மணி நேரம் கழித்து வெடித்த சிவாஜி தயானு பாட்டீல் வழக்கில், அசையாமல் நிற்கும் வாகனமும் பயன்பாட்டில் இருப்பதாகவே கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. பயணம் முடிந்து இறங்குவதற்காகக் கதவைத் திறப்பது அதைவிடத் தெளிவான பயன்பாடு.

காவல் நிலையத்தில் சொன்னதில் ஓரளவு பொருள் உண்டு. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு வண்டி 'ஓட்டுவதை' பற்றியது. அது இங்கே பொருந்துவது கடினம். ஆனால், பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் எந்தக் கவனக்குறைவான செயலையும் 125-வது பிரிவு தண்டிக்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால் 125(பி)-யின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நிலையத்தில் புகாரைப் பதிவு செய்ய மறுத்தால், அதை எழுத்து மூலம் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் மனு செய்யலாம்.

இனி, வழக்கின் உயிர்நாடியான ஆவணத்துக்கு வருகிறேன். உங்களை முதலில் கொண்டுசென்ற மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர். காப்பி) என்ன எழுதியிருக்கிறது என்று உடனே பாருங்கள். வலியில் இருப்பவரோ உடன் வந்தவரோ அவசரத்தில் சொன்னதை வைத்துப் பணி மருத்துவர் 'சைக்கிளிலிருந்து தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது' என ஒரு வரி எழுதிவிட்டால், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் குறுக்கு விசாரணையைத் தொடங்குவார். பதிவு அப்படி இருந்தால், கதவின் விளிம்பில் உள்ள கீறலைக் காட்டும் படங்கள், அதைக் குறிப்பிடும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, நேரில் பார்த்தவரின் சாட்சியம் ஆகியவற்றைக் கொண்டு அதைச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். அருகிலுள்ள கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாள்களிலோ வாரங்களிலோ தாமாக அழிந்துவிடும். இன்றே உரியவருக்குக் கடிதம் கொடுத்து அவற்றைப் பாதுகாக்கச் சொல்லுங்கள்.

தலைக்கவச வாதத்துக்கு வலுவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு மோட்டார் சைக்கிளுக்கு உரியது, மிதிவண்டிக்கு அன்று. உங்கள் காயமும் தலையில் இல்லை. நிற்கும் கார்களை ஒட்டியே ஏன் ஓட்டினீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். எனினும், உங்கள் பக்கமும் கவனக்குறைவு இருந்ததாகச் சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கதவைத் திறப்பதில் ஓட்டுநருக்கு என்ன சிரமம் இருந்தது என்று, இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் கேட்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அதே சட்டத்தின் 166-வது பிரிவின் கீழ் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மனு செய்யுங்கள். நீங்கள் வசிக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம். குற்ற வழக்கில் வேண்டப்படும் ஐயமற்ற நிரூபணம் இங்கே தேவையில்லை. எது நடந்திருக்கக்கூடும் என்ற நிகழ்தகவே போதும். மருத்துவக் குழுவின் ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதம் ஒன்று, அது உங்கள் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்பது வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியுள்ளது. உயரத்தில் கம்பி இழுக்கும் வேலை செய்பவருக்குத் தோள் மடங்காமல் போவதன் பொருளை மருத்துவரின் சாட்சியத்திலும் உங்கள் சாட்சியத்திலும் விளக்கமாகக் கொண்டுவர வேண்டும்.

அந்தத் தாளில் இப்போது கையெழுத்திட வேண்டாம். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வாசகம் அதில் இருந்தால் பின்னர் அதுவே உங்களுக்கு எதிரான சான்றாக நிற்கும். அவர் மருத்துவச் செலவைத் தர விரும்பினால் வங்கி வழியாகத் தரட்டும். பெற்ற தொகைக்கு மட்டும் ரசீது கொடுத்து, அதை மனுவிலும் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.