மொத்தமாகத் தரவு ஏற்றும்போது எத்தனை பதிவுக்கு ஒரு கமிட்?

கேள்வி: சுன்னாகத்தில் ஒரு மருந்துக்கடையின் பழைய விற்பனைப் பதிவுகளை, 6 இலட்சம் வரும், சிஎஸ்வி கோப்பிலிருந்து மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு ஏற்றுகிறேன். ஒவ்வொன்றாக ஏற்றினால் மணிக்கணக்காக இழுக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ட்ரான்சாக்ஷனில் (முழுதாக நிற்கும் அல்லது முழுதாகப் போகும் வேலைத்தொகுதி) போட்டேன். முடியுமுன் மின்சாரம் நின்று, ஒரு பதிவும் மிஞ்சவில்லை. நடுவில் எது சரியான அளவு?

பதில்: 1,000 பதிவுக்கு ஒரு கமிட் (ட்ரான்சாக்ஷனை முடித்து நிரந்தரமாக்கும் கட்டளை) என்று வையுங்கள். ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

நேரத்தைத் தின்பது இன்சர்ட் (பதிவைச் சேர்க்கும் கட்டளை) இல்லை, கமிட். தானாகவே கமிட் செய்யும் ஆட்டோகமிட் இயங்கும்போது ஒவ்வொரு இன்சர்ட்டும் தனி ட்ரான்சாக்ஷன். அது முடிந்ததென்று சொல்லுமுன், லாக் (மாற்றங்களின் குறிப்பேடு) உண்மையிலேயே டிஸ்க்கில் பதிந்துவிட்டதா என்று மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி காத்திருந்து உறுதிசெய்கிறது. 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 120 தடவைதான் சுற்றும், ஆகவே கமிட்டும் ஏறக்குறைய அந்த அளவுக்குள்தான். பைனரி லாக்கும் (மாற்றங்களைத் தனியே குறிக்கும் இன்னொரு லாக்) இயங்கினால் காத்திருப்பு இன்னும் கூடும். சரி, விநாடிக்கு 50 கமிட் என்று வைத்துக்கொள்வோம். 6 இலட்சம் கமிட்டுக்கு 12,000 விநாடி, அதாவது 3 மணி 20 நிமிடம் வெறும் காத்திருப்பு. 1,000 பதிவுக்கு ஒன்று என்றால் 600 கமிட், 12 விநாடி. 10,000 என்றால் ஒரு விநாடி சொச்சம். அதாவது 1,000-க்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் மிச்சப்பட இருப்பது அந்த 12 விநாடிதான். எஸ்எஸ்டி என்றால் எண்கள் சுருங்கும், போக்கு மாறாது.

அந்த 12 விநாடிக்கு ஆசைப்பட்டுப் பெரிய ட்ரான்சாக்ஷன் போட்டால் தொல்லைதான் மிஞ்சும். கமிட் ஆகாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் இன்னோடிபி அண்டூ லாக் (பழைய நிலைக்குத் திருப்புவதற்கான குறிப்பு) வைத்திருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் அத்தனையையும் அது அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அது முடியும்வரை, பதிவுகளை மற்றவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டுகளும் விலகாது. கடை திறந்திருக்கும்போது ஏற்றுவதானால் இன்னொன்றையும் கவனியுங்கள். விற்பனை அட்டவணையிலிருந்து மருந்து அட்டவணைக்கு ஃபாரின் கீ (ஒரு அட்டவணையின் பதிவை இன்னொன்றின் பதிவோடு இணைக்கும் விதி) இருந்தால், ஏற்றும் ஒவ்வொரு பதிவும் அந்த மருந்தின் பதிவில் ஒரு பகிர்வுப் பூட்டைப் (மற்றவர் படிக்கலாம், மாற்ற முடியாது) போடும். கவுண்டரில் பனடோலுக்கு பில் போட்டு இருப்பைக் குறைக்கப் பார்ப்பவர் உங்கள் கமிட் வரை காத்திருக்க வேண்டும். இயல்பான வரம்பு 50 விநாடி, அது தாண்டினால் பிழைச்செய்தி. மருந்துக்கு வந்து நிற்பவரை அப்படிக் காக்கவைக்கக் கூடாது.

மின்தடைக்கு வழி இது. ஒரு சிறு அட்டவணை உருவாக்கி, கோப்பில் எந்த வரிவரை ஏற்றியாயிற்று என்ற எண்ணை அதில் எழுதிக்கொண்டே வாருங்கள். அந்த எண்ணும் 1,000 பதிவுகளும் ஒரே ட்ரான்சாக்ஷனுக்குள் இருக்க வேண்டும். வெளியே தனிக் கோப்பில் குறித்தால் இரண்டும் பொருந்தாமல் போகலாம். உள்ளே இருந்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும், அல்லது சேர்ந்தே போகும். கரண்ட் வந்ததும் அடுத்த வரியிலிருந்து தொடருங்கள். எந்த பில்லும் இரண்டு தடவை ஏறாது.

இன்னும் வேகம் வேண்டுமென்றால் ஒரே இன்சர்ட்டில் நூற்றுக்கணக்கான பதிவுகளைச் சேர்த்து எழுதலாம். கோப்பை நேரடியாக ஏற்றும் லோட் டேட்டா கட்டளை அதைவிட வேகம், ஆனால் கோப்பு முழுவதையும் ஒரே ட்ரான்சாக்ஷனாக எடுக்கும். ஆகவே கோப்பை முதலில் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கமிட்டிலும் லாக்கை டிஸ்க்குக்கு அனுப்பும் அமைப்பை 1-லிருந்து 0 அல்லது 2 ஆக்கச் சொல்லியும் சிலர் ஆலோசனை தருவார்கள். அப்படி மாற்றிய நிலையில் மின்சாரம் போனால், கடைசி ஒரு விநாடி அளவில் முடிந்த பில்கள் காணாமற்போகலாம். 1,000 வீதம் ஏற்றும் உங்களுக்கு அதில் கிடைப்பது சில விநாடிதான். அதைத் தொடாதீர்கள்.