திருவிருந்தில் பங்குபெறத் தயங்கும் சகோதரருக்கு

இயேசுவின் மரணத்தை நினைவுகூர்ந்து சபையார் அப்பமும் கிண்ணமும் பகிரும் திருவிருந்தில் நீங்கள் பங்குபெறலாம். பர்மாவின் மோல்மேனில் வேலை பார்த்தபோது ஒரு பெண்ணோடு நேர்ந்த வேசித்தனப் பாவத்தை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியும், 1 கொரிந்தியர் 11:27-இல் உள்ள "அபாத்திரமாய்" (தகாத விதமாய்) என்ற சொல்லுக்கு அஞ்சி, வரிசையில் வரும் கிண்ணத்தை அடுத்தவர் கைக்குக் கடத்திவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் புசிக்கும் விதத்தைக் குறிக்கிறதே தவிர, புசிப்பவரின் தகுதியை அன்று. ஒருவன் பசியாயிருக்க, ஒருவன் வெறியாயிருந்தான் என்று 21ஆம் வசனம் சொல்கிறது. அந்த நிருபத்தை எழுதிய பவுல் கண்டித்தது அந்த நடத்தையைத்தான். 28ஆம் வசனமோ தன்னைச் சோதித்தறிந்து புசிக்கவே சொல்கிறது, விலகியிருக்கச் சொல்லவில்லை.

வெட்கத்தையும் குற்றத்தையும் நீங்கள் ஒன்றாக எண்ணுவதே இந்தத் தயக்கத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். பிறன் மனைவியான பத்சேபாளோடு விபசாரம் செய்த காரியத்தில் தாவீது ராஜா "பாவஞ்செய்தேன்" என்றதும், கர்த்தர் அதை நீங்கச்செய்தார் என்று தீர்க்கதரிசி நாத்தான் உடனே அறிவித்தார் (2 சாமுவேல் 12:13). அதே பாவத்தை ஞாயிறுதோறும் அறிக்கையிடுவதால் மன்னிப்பு கூடிவிடாது.

நீங்கள் சோதிக்க வேண்டியது வேறொன்று. இரக்கம் அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனுக்கே என்கிறது நீதிமொழிகள் 28:13. அந்தப் பெண்ணின் எண் இன்னும் உங்கள் போனில் இருந்தால், இன்றே அழித்துவிடுங்கள்.

ஆனால் மன்னிப்பு விளைவுகளைத் துடைத்துவிடாது. மன்னிப்புப் பெற்றும், அந்த உறவில் பிறந்த தாவீதின் பிள்ளை இறந்தது. அந்தப் பெண்ணுக்குத் திருமண வாக்குக் கொடுத்து ஏமாற்றியிருந்தால், அதைப் போதகரிடம் மறைக்காதீர்கள். ரங்கூன் தமிழர் நடுவே பேச்சு எளிதில் பரவும் என்பதால், வேறு எவரிடமும் சொல்லுமுன் அவரிடம் தனியே பேசுங்கள்.