மகள்கள் இருவர், செல்லப்பிராணி ஒன்று: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்கு 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். மூத்தவளுக்கு 3 வயதானபோது வீட்டுக்கு வந்த நாய் இன்றும் எங்களோடு இருக்கிறது. அது தனக்கே உரியது என்கிறாள் மூத்தவள். இளையவளோ அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மறுக்கிறாள். இதனால் நாள்தோறும் சண்டை. சென்ற வாரம் படுத்திருந்த நாயின் மேல் இளையவள் சாய்ந்தபோது அது உறுமியது. என் கணவர் கோபத்தில் அதை அடித்துவிட்டார். இதுவரை அது யாரையும் கடித்ததில்லை. வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவதுதான் குழந்தைக்குப் பாதுகாப்பா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றுள் அவசரமானது உறுமல் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். உறுமும் நாய் கடிக்கத் துடிக்கிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், கடிக்க விரும்பாத நாய்தான் உறுமி எச்சரிக்கிறது; தனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல அதனிடம் உள்ள மிகத் தெளிவான வழி அதுதான். அதற்காக அடி வாங்கிய நாய், குழந்தை தன் மேல் சாய்வதை விரும்பத் தொடங்கிவிடாது. உறுமினால் அடி விழும் என்பதை மட்டுமே கற்றுக்கொள்ளும். அடுத்த முறை எச்சரிக்கை எதுவும் இல்லாமலே பல் பட்டுவிடக்கூடும். ஆகவே, ஒரு தந்தையின் பதற்றம் எனக்குப் புரிந்தாலும், உறுமியதற்காக நாயை இனி ஒருபோதும் தண்டிக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் அழுத்தமாகவே சொல்லுங்கள். உறுமல் கேட்டால், குழந்தையை அமைதியாக அப்பால் அழைத்து நாய்க்கு இடம் விடுங்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

உறுமுவதற்கு முன்பே நாய் பலமுறை மென்மையாகச் சொல்லிப் பார்த்திருக்கும். தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். உணவு எதுவும் இல்லாதபோதே உதட்டை நக்கும். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும். கடைக்கண்ணால் பார்ப்பதால் விழியின் வெள்ளைப் பகுதி ஓரத்தில் தெரியும். காதுகள் பின்னுக்குச் சாயும். உடல் விறைத்துச் சில நொடிகள் அசைவற்றிருக்கும். வால் ஆடுகிறது என்பதற்காக நிம்மதி அடைந்துவிட முடியாது. விறைத்த உடலோடு வாலை உயர்த்தி வேகமாக ஆட்டும் நாய் மகிழ்ச்சியில் இருப்பதாகக் கொள்ளக் கூடாது. பெரியவர்களே கவனிக்கத் தவறும் இந்தக் குறிப்புகளை 4 வயதுக் குழந்தை தானாகப் புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க இயலாது. அந்த வயதில், நாய் பல்லைக் காட்டுவதைக்கூடச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அதோடு, குனிந்து அணைக்கும் குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக வந்துவிடுகிறது. சிறு பிள்ளைகளுக்கு ஏற்படும் கடிகள் பெரும்பாலும் தலையிலும் முகத்திலும் கழுத்திலும் படுவது இதனால்தான்; கடிக்கும் நாயும் பெரும்பாலும் அவர்களுக்கு நன்கு பழகிய நாயாகவே இருக்கிறது.

எனவே முதல் வேலையாக நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இத்தனை ஆண்டுகள் பொறுத்துப்போன நாய் திடீரென்று உறுமினால், காதிலோ பல்லிலோ மூட்டிலோ வலி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அடுத்து, வீட்டில் அதற்கென்று ஓரிடத்தை ஒதுக்குங்கள். நாய் அங்கே போய்ப் படுத்துவிட்டால் பிள்ளைகள் இருவரும் அதை அழைக்கவோ தொடவோ கூடாது. வளர்ந்த நாயும் நாளில் பாதிக்கு மேல் உறங்கும் என்பதால், இந்த ஓய்விடம் அதற்கு மிகவும் தேவையானது. உண்ணும்போதும் உறங்கும்போதும் நாயை நெருங்கக் கூடாது என்பதும் மாற்றமில்லாத விதியாக இருக்கட்டும். இளையவளும் நாயும் ஒரே அறையில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேறு வேலையில் மூழ்கியபடி அதே அறையில் இருந்தால் போதாது. அது இயலாத நேரத்தில் இருவருக்கும் நடுவே ஒரு கதவோ தடுப்போ இருக்கட்டும்.

இளையவள் நாயைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அணைப்பது நமக்கு அன்பின் அடையாளம். நாய்க்கோ அது நகர முடியாதபடி பிடித்து வைக்கப்படுவது. அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டைப் பழக்குங்கள். குழந்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே நாயின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். அது தானாக வந்தால், மார்பிலோ தோளின் பக்கவாட்டிலோ ஒரு கையால் மூன்று எண்ணும் வரை தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் இன்னும் நெருங்கி வந்தால் மறுபடியும் மூன்று எண்ணலாம். விலகிப் போனால் விளையாட்டு முடிந்தது, பின்தொடரக் கூடாது. வேண்டாம் என்பதை ஓர் உயிர் பேசாமலே சொல்ல முடியும் என்பதை உங்கள் மகள் இந்த வயதிலேயே அறிந்துகொள்வாள். நாயைக் காப்பதற்கும் குழந்தையைக் காப்பதற்கும் இதைவிடப் பயனுள்ள பாடம் எனக்குத் தெரியவில்லை.

இந்த விளையாட்டை இளையவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை, நீங்கள் அருகில் இருக்க, மூத்தவளிடம் ஒப்படையுங்கள். அவளுடைய உரிமைக் குரலை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. தங்கை பிறந்தபோது தாயின் மடியை, தந்தையின் நேரத்தை, தூங்கும் இடத்தைக்கூட அவள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த நாள்களில் பகிராமல் எஞ்சியது அநேகமாக அந்த நாய் ஒன்றுதான். அதையும் சரிபாதியாகப் பிரித்துக்கொள் என்று சொல்லும்போது அவள் இன்னும் இறுகப் பற்றிக்கொள்வது இயல்பு. "இதை அதிக நாள் அறிந்தவள் நீதான்" என்று அவளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாலையில் சிறிது நேரம் தங்கையின் குறுக்கீடு இல்லாமல் அவளும் நாயும் இருக்க வழி செய்யுங்கள். தன் உறவு பறிபோகாது என்ற உறுதி கிடைத்தால், தங்கைக்கு இடம் கொடுக்க அவளுக்கு மனம் வரும். இளையவளுக்கும் தனியே ஒரு பங்கு வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை உங்களோடு சேர்ந்து நிரப்புவதும், ஒளித்து வைத்த பொம்மையை நாய் தேடிக் கண்டுபிடிப்பதை எட்ட இருந்து பார்ப்பதும் அவளுக்குப் போதும்.

கொடுத்துவிடுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். ஆனால் மருத்துவம் பார்த்த பிறகும், ஓய்விடம் அமைத்த பிறகும், குழந்தை வெறுமனே கடந்து போகும்போதே நாய் விறைத்து நின்றால், தாமதிக்காமல் விலங்கு நடத்தையில் பயிற்சி பெற்ற மருத்துவரை நாடுங்கள். உங்கள் வீட்டில் அந்த அளவுக்குக் கண்காணிப்பது இயலவே இயலாது என்ற நிலை வந்தால், பிள்ளைகள் இல்லாத அன்பான வீடு ஒன்றைத் தேடித் தருவது துரோகம் ஆகாது.

கேள்வி: 10 வயது மகளும் 7 வயது மகளும் நாய்க்குட்டி வேண்டும் என்று மாதக்கணக்கில் கெஞ்சினார்கள். எல்லா வேலைகளையும் தாங்களே செய்வதாக வாக்குக் கொடுத்தார்கள். குட்டி வந்த சில வாரங்களிலேயே உற்சாகம் வடிந்துவிட்டது. இப்போது எல்லாம் என் தலையில். "செய்யாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்" என்று அவர்களிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். ஒரு தந்தையாக நான் பொறுப்பை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்: அந்த மிரட்டலை இன்றே நிறுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சரியாக நடந்துகொள்ளாவிட்டால் வீட்டில் ஓர் உயிருக்கு இடமில்லாமல் போகும் என்றுதான் பிள்ளைகளின் காதில் அது விழும். உண்மையிலேயே குட்டி போய்விட்டால், உன்னால்தான் போனது என்ற பழியைச் சகோதரிகள் ஒருவர் மேல் ஒருவர் நெடுங்காலம் சுமத்துவார்கள். நாய்கள் பொதுவாக 10 முதல் 13 ஆண்டுகள் வாழ்கின்றன. இந்தக் குட்டி முதுமை அடையும்போது உங்கள் மூத்த மகள் 20 வயதைக் கடந்திருப்பாள். அவ்வளவு நீண்ட பொறுப்பை 10 வயதுக் குழந்தையின் வாக்கை நம்பி யாரும் ஏற்க முடியாது. உண்மையில் அதை ஏற்றவர்கள் நீங்களும் உங்கள் மனைவியும்தான். உணவு, மருத்துவம், தடுப்பூசி, பாதுகாப்பு ஆகியவை என்றும் பெரியவர்களின் கடமைகளே.

அப்படியானால் மகள்கள் எதுவுமே செய்ய வேண்டாமா? செய்யட்டும், ஆனால் உங்களோடு சேர்ந்து செய்யட்டும். தனியே விடப்பட்ட வேலை சுமையாகும். தந்தையின் அருகில் நின்று செய்யும் வேலை பழக்கமாகும். மூத்தவள் உணவை அளந்து வைக்கலாம், உரோமத்தைச் சீவிவிடலாம். இளையவள் காலையில் பல் துலக்கியவுடன் தண்ணீரை மாற்றலாம். அன்றாடம் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு சேர்த்துவிட்டால் மறதி குறையும். இருவருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்ற கட்டாயமில்லை. சாலையில் குட்டியை நடத்திச் செல்லும் வேலையை மட்டும் எந்த மகளிடமும் தனியாக ஒப்படைக்காதீர்கள். அது திடீரென்று பாய்ந்தால் இழுத்து நிறுத்தும் வலு அவர்களுக்கு இல்லை. உட்காரவும், அழைத்தால் வரவும் குட்டிக்குக் கற்றுக்கொடுப்பதில் அவர்களைச் சேர்த்துக்கொண்டால், வடிந்த உற்சாகம் திரும்பக்கூடும். ஒன்றை மட்டும் மிகவும் வேண்டிக் கேட்கிறேன்: மகள்களுக்குப் பாடம் புகட்டுவதற்காகக் குட்டியின் கிண்ணம் ஒரு வேளைகூட வெறுமையாகக் கிடக்க வேண்டாம்.

கேள்வி: விளையாடும்போது எங்கள் நாயின் பல் பட்டு 6 வயது மகளின் கையில் சிறு கீறல் ஏற்பட்டது. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம். மருத்துவரிடம் போக வேண்டுமா? நாய் முகத்தை நக்குவதால் புழுக்கள் வரும் என்பது உண்மையா?

பதில்: போக வேண்டும். தோல் கிழிந்திருந்தால், காயம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, உடனே மருத்துவரைப் பாருங்கள். உங்கள் நாயின் தடுப்பூசிக் குறிப்பேட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். மகளுக்கு ஊசி தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு காப்பாற்றுவது அநேகமாக இயலாது. அதற்கு முன் உரிய காலத்தில் ஊசி போட்டுக்கொண்டால் நோயைத் தடுத்துவிடலாம். 1885 ஜூலை 6 அன்று, லூயி பாஸ்டர் உருவாக்கிய தடுப்பு மருந்து, வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செலுத்தப்பட்டு அவன் உயிர் பிழைத்தான். அன்று அரிதாக இருந்த அந்தப் பாதுகாப்பை இன்று தயக்கத்தால் தவறவிடக் கூடாது.

நாயின் குடலில் உள்ள உருண்டைப் புழுவின் முட்டைகள் மலத்தின் வழியே வெளியேறுகின்றன. அவை தொற்றும் நிலையை அடையச் சில வாரங்கள் ஆகும் என்பதால், மலத்தை அன்றன்றே அகற்றிவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைப்பதுதான் பிள்ளைகளுக்கு முக்கியமான தொற்று வழி. நக்குவதால் வரும் ஆபத்து அதைவிடக் குறைவு. எனினும் வாயையும் கண்ணையும் ஆறாத புண்ணையும் நக்க விடாதீர்கள். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்து கொடுங்கள். மகள் உண்பதற்கு முன் கை கழுவுவதை உறுதி செய்யுங்கள். அவள் அன்பாக நீட்டும் சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பதையும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: 15 ஆண்டுகள் எங்களுடன் இருந்த பூனை சிறுநீரக நோயால் இறந்துவிட்டது. 8 வயது மகள் பல நாள் அழுதாள். 4 வயது மகளிடம் "பூனை நிம்மதியாகத் தூங்கிவிட்டது" என்று சொன்னோம். எப்போது எழுந்திருக்கும் என்று அவள் தினமும் கேட்கிறாள். இப்போது இரவில் தூங்கவே மறுக்கிறாள். உடனே ஒரு குட்டியைக் கொண்டுவந்தால் சரியாகிவிடுமா?

பதில்: நீங்கள் ஆறுதலுக்காகச் சொன்னதை அவள் சொன்னபடியே நம்பியிருக்கிறாள்: தூங்கிய பூனை எழவில்லை, எனவே தானும் எழாமல் போகலாம். மரியா நாகி என்ற ஹங்கேரிய உளவியலாளர் 1948இல் வெளியிட்ட ஆய்வில், 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மரணத்தை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோ, மீண்டு வரக்கூடிய ஒன்றாகவோ கருதுவதைப் பதிவு செய்தார். அந்த வயதுக்கு உரிய குழப்பத்தை நம் சொற்கள் மேலும் வளர்க்காதிருக்க வேண்டும்.

அவளை மடியில் அமர்த்தி நேராகச் சொல்லுங்கள்: "பூனை இறந்துவிட்டது. அதற்கு மிகவும் வயதாகிப் பெரிய நோய் வந்தது. மருத்துவராலும் குணப்படுத்த முடியவில்லை. அதன் இதயம் நின்றுவிட்டது. இனி அதற்குப் பசிக்காது, வலிக்காது. அது திரும்பி வராது." தூக்கம் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், உறங்கும் அக்காவின் மார்பு ஏறி இறங்குவதைக் காட்டி, தூங்கும்போதும் நம் இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது என்று விளக்குங்கள். அதே கேள்வியை அவள் பலமுறை கேட்பாள். ஒவ்வொரு முறையும் அதே பதிலை அதே பொறுமையோடு சொல்ல வேண்டியிருக்கும். அழுத சற்று நேரத்தில் அவள் சிரித்து விளையாடினால், அவளுக்குப் பாசமில்லை என்று மூத்தவள் கோபிக்கலாம். சிறு பிள்ளைகளுக்குத் துயரம் விட்டுவிட்டு வரும் என்பதை மூத்தவளுக்குச் சொல்லுங்கள். தான் சரியாகப் பார்த்துக்கொள்ளாததால் பூனை இறந்ததோ என்ற குற்ற உணர்வு அவளிடம் இருக்கிறதா என்பதையும் மெல்லக் கேட்டறியுங்கள். 8 வயதில் அதை வாய்விட்டுச் சொல்லாமல் சுமக்கும் பிள்ளைகள் பலர்.

புதிய குட்டிக்கு இப்போது அவசரமில்லை. இளையவளின் தூக்கம் சீராகி, மூத்தவளும் அழாமல் பூனையைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு, இருவரும் கேட்டால் யோசியுங்கள். தாயிடம் குறைந்தது 8 வாரங்கள், இயன்றால் 12 வாரங்கள் இருந்த குட்டியைத் தேர்ந்தெடுங்கள். பழைய பூனையின் பெயரை அதற்கு வைக்க வேண்டாம். இது வேறு குட்டி, பழைய பூனை திரும்பி வரவில்லை என்பதை இளையவளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.