மஃப்டி போலீஸ் கடையில், என் மோட்டார் களவில்

கேள்வி: வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் நேரத்தில் என் போர் மோட்டாரையும் கேபிளையும் திருடிவிட்டார்கள். பக்கத்தில் இன்னும் நாலு பேருக்கு இதே கதி. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். அப்புறம் தனிப்படை ஒரு கும்பலைப் பிடித்தது. மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் ஒரு மாதம் பழைய இரும்புக்கடையில் ஆளாக இருந்து, திருட்டுச் சாமானை வாங்கிப் போட்டாராம். என் மோட்டார் போனது அதே மாதத்தில்தான். தெரிந்தே விட்டதற்கு நஷ்டஈடு கேட்க முடியுமா? மோட்டார் கிடைத்திருக்கிறது, ஆனால் கேஸ் முடிந்தால்தான் தருவோம் என்கிறார்கள்.

பதில்: நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் அது நீண்ட வழி. முதலில் மோட்டாரை வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) ஆகாது. உங்கள் திருட்டு தனி எஃப்.ஐ.ஆராகவோ, அந்தக் கும்பல் மேல் உள்ள வழக்கிலோ பதிவாகவில்லை என்றால் நீங்கள் அந்த வழக்குக்கு வெளியாள். ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட திருட்டை போலீஸ் பதிவு செய்தே ஆக வேண்டும். டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணை செய்யலாம், அவ்வளவுதான். பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

‘கேஸ் முடிந்தால்தான்’ என்பது சட்டம் அல்ல, பழக்கம். பிடிபட்ட பொருளை ஸ்டேஷனில் மாதக்கணக்கில் துருப்பிடிக்க விடக்கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது பி.என்.எஸ்.எஸ். 497-ஆம் பிரிவே போட்டோ, வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு பொருளைச் சீக்கிரம் ஒப்படைக்க வழி செய்கிறது. மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். விற்க மாட்டேன், கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் கிடைக்கும். மோட்டார் உங்களுடையது என்று காட்ட வேண்டும்: வாங்கிய பில், நேம் பிளேட்டில் உள்ள சீரியல் நம்பர், காயில் கட்டிய மெக்கானிக்கின் ரசீது, எது இருந்தாலும் சரி. கேபிள் கதை வேறு. ரப்பரை எரித்துக் காப்பராக்கிவிட்டால் எந்த வயலில் இருந்த கம்பி என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு, தண்டனை வழங்கும்போது 395-ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு தரச் சொல்லி அரசு வழக்கறிஞர் வழியாகக் கேளுங்கள். வாடகை இன்ஜின் வைத்து இறைத்த செலவு, காய்ந்த நாற்று இரண்டையும் அதில் சேருங்கள்.

இனி போலீஸ் விஷயம். வாங்குபவர் போல நடிப்பது தவறில்லை. சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு பல சிலைகளை அப்படித்தான் மீட்டது. ஆனால் அவை ஏற்கெனவே களவு போனவை. போதைப்பொருள் சட்டத்தில் சரக்கைக் கண்காணித்தபடி நகரவிட 50ஏ என்று தனிப் பிரிவே உண்டு. விவசாயியின் மோட்டாரைத் திருடவிட்டு வேடிக்கை பார்க்க அப்படி எந்தப் பிரிவும் இல்லை. மாறாக, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைத் தன்னால் முடிந்தவரை தடுக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 168-ஆம் பிரிவு ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் கடமை விதிக்கிறது. திட்டம் தெரிந்தால் மேலதிகாரிக்குச் சொல்வது 169. குற்றத்துக்கு வசதியாகும் என்று தெரிந்தே மறைத்தால் பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி அது குற்றம்.

ஆனால் ‘ஒரு கும்பல் இருக்கிறது என்று தெரியும்’ என்பதும், ‘இன்று ராத்திரி இந்த வயலில் இறங்கப் போகிறார்கள் என்று தெரியும்’ என்பதும் ஒன்றல்ல. நீங்கள் நிரூபிக்க வேண்டியது இரண்டாவதை. தகவல் யார் தந்தது என்று சொல்லும்படி போலீஸைக் கட்டாயப்படுத்த முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் விசாரணை பாதிக்கும் என்று பதில் வரும். அதனால் குற்றப்பத்திரிகையைப் பிடியுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் வைத்திருந்தால் குற்றப்பத்திரிகையும் ஆவணங்களும் உங்களுக்கும் கிடைக்கும். கடையில் முதல் திருட்டுச் சாமான் வாங்கிய தேதி அதில் இருக்கும். கொண்டுவந்தவன் யார் என்று அன்றே தெரிந்திருந்து, அதற்குப் பிறகு உங்கள் மோட்டார் போயிருந்தால் வழக்குக்கு உயிர் உண்டு. முன்பே போயிருந்தால் விட்டுவிடுங்கள் என்பேன்.

உயிர் இருந்தாலும் சுலபமில்லை. போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்தை ஏட்டு ஒருவரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தான் ஓடிய கஸ்தூரிலால் வழக்கில்கூட, அரசு பொறுப்பில்லை என்று 1964-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பின்னாளில் நீதிமன்றங்கள் அந்த நிலையிலிருந்து நிறைய விலகிவிட்டன. ஆனால் திருட்டைத் தடுக்கத் தவறியதற்குப் பணம் கேட்பது இன்னும் மேட்டில் தண்ணீர் ஏற்றுகிற வேலைதான். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தையும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் உடல் காயத்துக்கானது.

சிவில் வழக்கு என்றால் இரண்டு மாத முன்னறிவிப்பு தந்து, ஒரு வருடக் கெடுவுக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு வருடம்தான் கெடு. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுவதானால் ஐந்து பேரும் ஒரே வழக்கறிஞரிடம் போங்கள். கும்பகோணம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்குள்ளவர்கள் தஞ்சாவூர் மாவட்டம் என்பதால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவார்கள். திருவாரூர் மாவட்டத்துக்காரரான நீங்கள் சென்னைக்குத்தான் போக வேண்டும்.