கண்ணாடி முன் 21 முறை

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகக் குரூப் 4 தேர்வுக்குப் படித்து வருகிறேன். மனம் தளர்ந்தபோது ஒரு சுயமுன்னேற்றப் பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, 'நான் வெற்றியாளன், அரசு வேலை என்னைத் தேடி வந்துவிட்டது' என்று 21 முறை சொல்லச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல என்மேல் எனக்கே வெறுப்புதான் வருகிறது. கேட்டால், 'நீங்கள் நம்பிச் சொல்லவில்லை' என்கிறார்கள். அடுத்த கட்டப் பயிற்சிக்கு மறுபடியும் பணம் கேட்கிறார்கள். தவறு என்னிடமா? பணம் கட்டலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: தவறு உங்களிடம் இல்லை. பலித்தால் பயிற்சியின் மகிமை, பலிக்காவிட்டால் உங்கள் அவநம்பிக்கை! நஷ்டமே வராத இப்படியொரு தொழில் கைவசம் இருந்தால் நானும் பத்திரிகையை மூடிவிட்டு அதில் இறங்கிவிடுவேன்.

திரும்பத் திரும்பச் சொல்லும் இந்த வைத்தியத்தை உலகெங்கும் பரப்பியவர் எமில் குவே என்ற பிரெஞ்சுக்காரர். த்ருவா நகரில் மருந்துக்கடை நடத்தியவர். மருந்தைக் கையில் கொடுக்கும்போது அதைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொன்னால் நோயாளிக்குக் கூடுதலாகக் கேட்கிறது என்று அங்கேதான் கவனித்தார். பிறகு நான்சி நகரில் வீடு தேடி வந்தவர்களுக்கெல்லாம், காசு வாங்காமல், ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தார்: "நாளுக்கு நாள், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் தேறி வருகிறேன்." காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பும் இரவில் படுத்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு 20 முறை முணுமுணுக்க வேண்டும். எண்ணிக்கைக்கு மனத்தைச் செலவிடக் கூடாது என்பதற்காக 20 முடிச்சுப் போட்ட ஒரு கயிறு. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல, ஜபமாலை உருட்டியவர்கள்தானே!

அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். 'குணமாகிவிட்டேன்' என்று அவர் சொல்லச் சொல்லவில்லை. 'தேறி வருகிறேன்' என்றார். படுத்த படுக்கையாக இருப்பவரும் மறுப்பில்லாமல் சொல்லக்கூடிய அளவில் அதை நிறுத்தினார். இன்னொன்றையும் அடித்துச் சொன்னார்: முயற்சி போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாதீர்கள், மன உறுதியும் கற்பனையும் மோதினால் எப்போதும் கற்பனைதான் ஜெயிக்கும். உங்களுக்கு நடப்பது இதுதான். வாய் 'வெற்றியாளன்' என்கிறது; உள்ளே, போன தேர்வின் மதிப்பெண் எழுந்து நிற்கிறது. வாய் உரக்கச் சொன்னால் அதுவும் உரக்கப் பேசுகிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்கள் நான்கு நிமிடம் தங்கள் மனத்தில் ஓடுவதை எழுத வேண்டும். 15 விநாடிக்கு ஒருமுறை மணி ஒலிக்கும். ஒலிக்கும்போதெல்லாம் சிலர் மட்டும் 'நான் அன்புக்குரிய மனிதன்' என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்கு அதில் சற்றே பலன் இருந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களோ, தன்மதிப்பு குறைந்திருந்தும் அந்த வாக்கியத்தைச் சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். ஆக, மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே ஒவ்வாமல் போகிறது. உங்கள் வகுப்பில் சேருகிறவர்கள் யார்? மனம் தளர்ந்தவர்கள்தான்.

'வேலை வந்துவிட்டது' என்ற பகுதி இன்னும் ஆபத்து. ஜெர்மனியில் படிப்பை முடித்து வேலை தேடிய பட்டதாரிகளை கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இரண்டு ஆண்டுகள் கழித்து விசாரித்தார். வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நன்றாகவே நடந்திருந்தது. கிடைத்துவிட்டதாகக் கற்பனையில் அடிக்கடி திளைத்தவர்களோ குறைவான விண்ணப்பங்களே போட்டிருந்தார்கள். வந்த வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. கல்யாணம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டவன் பெண் பார்க்கக் கிளம்புவானா?

கூடவே கணக்கையும் பாருங்கள். 2024 குரூப் 4 அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பின்னர் இடங்களைக் கூட்டினார்கள், உண்மைதான். துறைகள் காலியிடக் கணக்கைக் கொடுத்ததால் கூட்டினார்கள்; யாரும் கண்ணாடி முன் நின்றதால் அல்ல.

அதற்காகத் தன்னோடு தானே பேசிக்கொள்வதே வீண் என்று சொல்லிவிட மாட்டேன். விளையாட்டு வீரர்கள் பேசிக்கொள்கிறார்கள், பலனும் இருக்கிறது. நுணுக்கமான வேலைகளில் 'நான் சிறந்தவன்' போன்ற சொற்களைவிட 'பந்தைப் பார்', 'தோளைத் தளர்த்து' போன்ற கட்டளைகள் நன்றாக உதவுகின்றன. உங்களுக்கும் கைக்கு வேலை சொல்லும் வாக்கியம்தான் தேவை.

'இது நடந்தால் அது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கும் முறையை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பலன் தருவதாகக் காட்டியிருக்கிறார். 'இன்று நன்றாகப் படிப்பேன்' என்று சொல்லாதீர்கள். 'இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் தனிவட்டிக் கணக்கில் பத்துப் போடுவேன்' என்று சொல்லுங்கள். 'கைப்பேசியை எடுக்கக் கை போனால் அதை அடுத்த அறையில் வைத்துவிட்டு வருவேன்' என்று சொல்லுங்கள். மறுநாள் பொய்யா மெய்யா என்று நீங்களே சரிபார்க்கலாம்; 'வெற்றியாளன்' என்பதைச் சரிபார்க்க வழியே இல்லை.

உங்கள் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ்ப் பகுதியில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மறுபகுதியைத் திருத்தவே மாட்டார்கள். திறனறிதலில் 25 கேள்விகள். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்து எழுதி, எந்தப் பகுதியில் மதிப்பெண் சிந்துகிறது என்று பாருங்கள். பிறகு உங்களை நீங்களே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேளுங்கள்: 'இந்த வாரம் இதைச் சரிசெய்துவிடுவாயா?' வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தன்னைத் தன் பெயரால் அழைத்துப் பேசிக்கொள்பவர்கள் பதற்றமான நேரத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கடக்கிறார்கள் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈதன் க்ராஸ் குழுவினர் 2014-இல் காட்டினார்கள். 'செய்வேன்' என்பதைவிட 'செய்வேனா?' என்ற கேள்வி காரியத்துக்கு உதவியதாக வேறொரு ஆய்வு உண்டு. கேள்வி கேட்டால் மனம் காரணத்தையும் வழியையும் தேடத் தொடங்குகிறது போலும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வெறுப்பு படிப்பு நேரத்தைத் தாண்டி, தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே பார்ப்பார்கள்.

அடுத்த கட்டப் பயிற்சிக்குப் பணமா? ஒரு பைசாவும் கட்ட வேண்டாம். குரூப் 4-க்கு அடிப்படையான ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்ப் பாடநூலில் இருந்து தொடங்குங்கள். அந்த 60 மதிப்பெண் முதலில் கைக்கு வரட்டும்.