சுற்றாடல் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டு குடும்பத்தையும் பார்க்க முடியுமா?

கேள்வி கேட்ட தங்கச்சி சுற்றாடல் விஞ்ஞானத்தில் பட்டம் முடித்தவர். மூதூர்ப் பக்கம் ஆசிரிய நியமனம் வந்திருக்கிறது. கலியாணமும் பேச்சாகிவிட்டது, மாப்பிள்ளை வீடு திருகோணமலை நகரத்தில். இரண்டையும் சமாளிக்கலாமா, இல்லை ஏதாவது அலுவலக வேலையாகப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். எனக்கும் அதே பட்டம், அதே மாவட்டம். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமி, துறைமுகத்தில் ஷிப்ட் வேலை செய்யும் கணவர். ஆகவே எழுதுகிறேன்.

சமாளிக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளையும் பாடசாலைக்குப் பாதி, வீட்டுக்குப் பாதி என்று பிரிக்க வெளிக்கிட்டால் இரண்டு கிழமையில் களைத்துப்போவீர்கள். நான் வருஷத்தைப் பிரிக்கிறேன், அதுவும் காற்றைப் பார்த்து.

வாடை பிடித்து மாரி தொடங்கினால் ஐப்பசியிலிருந்து தை வரை பிள்ளைகளைக் கடல்பக்கம் கூட்டிப்போக முடியாது. நிலாவெளிக் கரைக்கு அப்பால் இருக்கும் புறாத்தீவுக்குப் படகு ஓடாது. சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கி, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கும்போதுதான் எங்கள் பாடத்துக்கு உயிர் வரும். பவளப்பாறை, கண்டல் காடு, வற்றிப்போகும் குளம் எல்லாம் அந்தச் சில மாதங்களுக்குள்தான். ஜூன் 5 உலக சுற்றாடல் தினம், ஜூலை 26 கண்டல் தினம் என்று நாட்களும் அங்கேயே வந்து விழும். பாடசாலைப் பிள்ளைகளின் சுற்றாடல் அமைப்பான சுற்றாடல் முன்னோடிப் படையணி உங்கள் தலையில் கட்டப்பட்டால் (புதிதாக வருபவர் தலையில்தான் கட்டுவார்கள்) சனிக்கிழமையும் போய்விடும்.

ஒரு வெளிக்களப் பயணம் என்றால் ஒரு நாள் வேலை என்று நினைக்காதீர்கள். புறாத்தீவு 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே போக வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும். அதோடு வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, அதிபரின் கையெழுத்து, பெற்றோரின் சம்மதக் கடிதம், படகுக்கூலி, உயிர்காப்பு அங்கி. இத்தனையையும் எழுதி முடிப்பது வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் நித்திரையான பிறகு. பாடக்குறிப்பும் கணிப்பீட்டுப் புள்ளியும் அதற்கு மேலே.

அதனால் எங்கள் வீட்டில் தைப்பொங்கல் முடிந்த கையோடு கலண்டரை எடுத்து வைத்துப் பேசிவிடுவோம். வைகாசியிலிருந்து ஆடி வரை நான் வீட்டுக்கு அரை ஆள். அந்த நாட்களில் அவர் தன் ஷிப்டை மாற்றிக்கொள்வார், முடியாவிட்டால் மாமி பார்ப்பார். வைகாசிக் கலியாணங்களுக்கு அவர் தனியாகப் போய் மொய் எழுதிவிட்டு வருவார். "மருமகள் எங்க?" என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாரி காலத்தில் நான் ஒரு கூட்டத்துக்கும் கிளப்பிற்கும் பெயர் கொடுப்பதில்லை. அது வீட்டுக்கு உரியது. கொரோனாவுக்குப் பிறகு பரீட்சைகளும் தவணைகளும் எத்தனையோ தரம் இடம் மாறிவிட்டன. காற்று அப்படி மாறவில்லை. கல்வி அமைச்சின் கலண்டரை விட அதை நம்பித் திட்டம் போடுவது எனக்கு இலகுவாக இருக்கிறது.

உண்மையில் குடும்ப நேரத்தைத் தின்பது பாடசாலை இல்லை, ரியூசன். பாடசாலை ஒன்றரைக்கு முடிந்துவிடும். உயர்தர உயிரியல் படிப்பிக்கிறீர்கள் என்று தெரிந்தால் அன்று பின்னேரமே வாசலில் ஆள் வந்து நிற்கும். காசு நல்ல காசுதான், சம்பளத்தோடு ஒப்பிட்டால் வெட்கமாக இருக்கும். 2022இல் பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. நான் ஞாயிறு காலை ஒரு வகுப்போடு நிறுத்திக்கொண்டேன். கடன் இருப்பவருக்கு இந்தப் புத்திமதி பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஐந்து நாளும் இரவு எட்டு மணி வரை வகுப்பு எடுத்துவிட்டு "வேலையும் குடும்பமும் சமநிலை இல்லை" என்று சலிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சிலர் பிள்ளைகளையும் களப்பயணத்துக்குக் கூட்டிப்போ, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்கள். நான் கூட்டிப்போவதில்லை. முப்பது பிள்ளைகளைத் தண்ணீர்க் கரையில் எண்ணிக்கொண்டு நிற்பவளுக்குத் தன் பிள்ளையின் கையைப் பிடிக்க நேரம் இராது. மாரியில் மழை விட்ட ஒரு பின்னேரம் கோட்டைப் பக்கம் போய் மான்களைப் பார்ப்போம், அது எங்கள் நாலு பேருக்கும். அங்கேயும் மான் பொலித்தீன் பையை மென்றுகொண்டு நின்றால் என் வாய் சும்மா இராது. "அம்மா, இப்ப ரீச்சர் இல்ல" என்று சின்னவள் சொல்லுவாள்.

மறுபக்கம், வீடு பாடத்துக்குத் தருவதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். கச்சான் தொடங்கினால் மாமி மோட்டர் சுவிச்சுக்குக் காவல் இருப்பார். "கன நேரம் இறைக்காத மகள், உவர் ஏறிரும்" என்பார். கரையோர மணலுக்குக் கீழே கடல்நீர் இருக்கிறது, அதைவிடப் பாரம் குறைந்த நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அப்படியானால் மேலே ஓரடியை இறைத்துக் குறைத்தால் கீழேயிருந்து உவர் எவ்வளவு ஏறி வரும் என்று பிள்ளைகளே கணக்குப் போடுவார்கள். இதை நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன், மாமி கிணற்றடியில் படித்தவர். வகுப்பில் நான் தொடங்குவது மாமியின் பேச்சிலிருந்து. அடுத்த நாள் பாதிப் பிள்ளைகள் தங்கள் அம்மம்மா சொன்னதோடு வருவார்கள். மாமிக்கு இது தெரிந்த பிறகு, பிள்ளைகளைப் பார்ப்பது பற்றி வீட்டில் வந்த முணுமுணுப்பு நன்றாகக் குறைந்தது. இதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஆனால் நீங்கள் திட்டமிட்டே செய்யலாம்.

இனி மூதூர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அங்கே பாதைக்கு (வாகனம் ஏற்றும் படகுக்கு) காத்துக் கிடந்த காலம் போய்விட்டது. ஆனாலும் நகரத்திலிருந்து தினமும் போய்வருவது களைப்புத்தான், கர்ப்பகாலத்தில் இன்னும் கஷ்டம். அரச ஊழியருக்குப் பிரசவ லீவு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள், பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாட்கள், தேவைப்பட்டால் சம்பளமில்லாமல் இன்னொரு 84 நாட்கள். அரைச் சம்பள மாதங்களுக்கு இப்போதே கொஞ்சம் சேமித்து வையுங்கள். மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஜூன் மாதச் சனிக்கிழமைகளில் பிள்ளையை யார் பார்ப்பது? "அம்மா பார்ப்பா" என்று சொன்னால், அம்மாவிடமும் போய்க் கேளுங்கள்.

அலுவலக வேலை என்றீர்கள். இந்தப் பட்டத்துக்கு அப்படிக் கிடைப்பது பெரும்பாலும் பிரதேச செயலகத்தில் சுற்றாடல் உத்தியோகத்தர் வேலை. மணல் அகழ்கிறார்கள், ஆலைப் புகை வருகிறது, கழிவைக் கொட்டுகிறார்கள் என்று முறைப்பாடு வந்தால் அவர்களும் வெயிலில் போய் நிற்கத்தான் வேண்டும். அவர்களுக்குத் தவணை லீவும் கிடையாது. நியமனக் கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.